பேட்டரி அக்காவும் எதிர் மேசையும்

கடையில் எல்லாரும் அவளைப் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் எந்த போனைக் கையில் எடுத்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

"காலையில வீட்டை விட்டுக் கிளம்புனா எப்போ சார் திரும்பி வருவீங்க?"

"ராத்திரி ஆயிடும்" என்பார் ஒருவர். "அப்போ இதைப் பாருங்க" என்று தன் மேசை போனை நீட்டுவாள். "மத்தியானமே வந்துடுவேன்" என்பார் இன்னொருவர். "வந்து நிம்மதியா தூங்கணுமா, சார்ஜர் பக்கத்துல உக்காந்து காவல் காக்கணுமா?" என்று கேட்டு அவருக்கும் அதையே நீட்டுவாள்.

மாடி வைத்த பெரிய கடை அது. கீழ்த்தளம் முழுக்க போன்கள். கம்பெனிக்கு ஒரு மேசை, மேசைக்கு ஓர் ஆள், ஆளுக்கு அந்தக் கம்பெனியின் நிறத்தில் ஒரு சட்டை. நிற்பது கடையில் என்றாலும் சம்பளம் கொடுப்பது கம்பெனி. அதனால் ஒரே கூரைக்குக் கீழே நின்றுகொண்டு ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் தன் பக்கம் இழுப்பதுதான் அங்கே உத்தியோகம். அவளுக்குப் பச்சைச் சட்டை. நேர் எதிரே நீலச் சட்டை. நீலச் சட்டைக்காரனைக் கேமரா என்பார்கள். பக்கத்தில் வருகிறவரிடம் பேச்சுக் கொடுப்பதற்கு முன்பே போனைத் தூக்கி ஒரு படம் எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே காட்டிவிடுவான். தன் முகத்தைப் பார்த்துச் சொக்காதவர் யார்? பாதி வியாபாரம் அங்கேயே முடிந்துவிடும்.

அவனை அந்த மேசையிலிருந்து கிளப்பத்தான் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். அவளையும் அவள் கணவரையும் தவிர அது யாருக்கும் தெரியாது.

கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைப்பாதையில் சிமெண்டு ஏற்றிப் போவார், மரம் ஏற்றித் திரும்புவார். வண்டி பழசு. போனுக்கு சார்ஜ் போட அதில் இருந்த துளை எப்போதோ செத்துப்போயிருந்தது. பழைய போன் கீழே விழுந்து நொறுங்கியதும், புதிது வாங்க இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்தக் கடைக்கு வந்தார்கள். அப்போது அவள் ஒரு சிறுவர் துணிக்கடையில் விற்பனைக்கு நின்றுகொண்டிருந்தாள்.

கணவர் தெளிவாகத்தான் கேட்டார். "தம்பி, நமக்கு ஷோக்கெல்லாம் வேணாம். நாள் பூரா ரோட்டுல கிடக்கிறவன். சார்ஜ் நிக்கணும். அது போதும்."

"அண்ணே, இது ரெண்டு நாள் நிக்கும்" என்றான் கேமரா. கண் இமைக்கவில்லை. அவன் நீட்டிய போன் விரல் தடிமன்கூட இல்லை. பின்பக்கம் நாலு கண். கணவர் அதை வாங்காமல் எதிர் மேசையில் கிடந்த தடித்த பச்சைக் கம்பெனி போன் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே, அது செங்கல். பாக்கெட்ல போட்டீங்கன்னா பேண்ட் இறங்கிடும்."

கணவர் சிரித்துவிட்டார். கேமரா அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, கொஞ்சம் இப்படிப் பாருங்க."

படத்தில் அவள் அழகாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே படிந்திருந்த கருப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது. "நல்லா இருக்குல்லங்க?" என்று கேட்டது அவள்தான். கணவர் அவளையும் படத்தையும் பார்த்தார். செங்கலைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த மழைக்காலத்திலேயே லாரி ஒரு வளைவில் சறுக்கி ஓடைக்குள் சாய்ந்தது. முன்பக்கம் நசுங்கி வலது கால் மாட்டிக்கொண்டது. கை இரண்டும் நன்றாக இருந்தன. போன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்தார், அழுத்தினார், திரை கருப்பாகவே இருந்தது. காலையில் முழுதாக சார்ஜ் ஏற்றிய போன். வழி காட்டும் வரைபடத்தையும் அந்தப் பளபளத் திரையையும் தாங்கமாட்டாமல் மத்தியானத்திலேயே உயிரை விட்டிருந்தது. மேலே ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். இவர் கத்தியது மழையில் யார் காதிலும் விழவில்லை. மறுநாள் காலையில் பால்வண்டிக்காரர் ஒருவர் ஒதுங்குவதற்காக அந்த இடத்தில் வண்டியை நிறுத்தியதால்தான் உயிர் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர். டாக்டர்கள் சொல்கிற வழக்கமான வார்த்தைதான். அவள் நெஞ்சில் அது ஆணி மாதிரி இறங்கிவிட்டது.

யார்மேல் கோபப்படுவது? மழையின்மேலா, ரோட்டின்மேலா? கோபத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கண்ணை மூடினால் ஒரே முகம்தான் வந்தது. கண் இமைக்காமல் "ரெண்டு நாள் நிக்கும்" என்று சொன்ன முகம். அதற்குப் பக்கத்திலேயே, நாலு கண் போனில் அழகாகத் தெரிந்த தன் முகமும் வரும். அதை விரட்ட அவளுக்குத் தெரியவில்லை. அதனால் முதல் முகத்தை இரண்டு மடங்கு வெறுத்தாள்.

போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நியாயம் கேட்கவும் போனாள். அன்றைக்கு அவன் லீவு. "அது யூஸ் பண்றதைப் பொறுத்தும்மா" என்று வேறு யாரோ சொல்லி அனுப்பினார்கள். கம்பெனிக்கு போன் போட்டால் அங்கேயும் ஒரு பெண் இனிமையான குரலில் அதையேதான் சொன்னாள். வெளியே வரும்போது கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பச்சைக் கம்பெனி மேசைக்கு ஆள் தேவை. விற்பனை அனுபவம் இருந்தால் நல்லது.

அவள் அந்தக் காகிதத்தைக் கிழித்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது.

வேலையில் சேர்ந்த முதல் நாள், தன்னைப் பார்த்ததும் அவன் முகம் வெளுக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து நூறு முறை ஓட்டிப் பார்த்திருந்த காட்சி அது. அவனோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்கக்கா, புதுசா? டீ சொல்லட்டுமா?"

இவனுக்கு என்னை ஞாபகமே இல்லை. ஒரு காலை வாங்கிக்கொண்டவன் டீ வாங்கித் தருகிறான்.

"நான் டீ குடிக்கிறதில்ல" என்றாள். அன்றிலிருந்து அவன் அந்தக் கடையில் இருந்தவரை அவள் டீ குடிக்கவில்லை. தலைவலி வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தன் மேசை போன்களை அவள் ஒரு வாரத்தில் கரைத்துக் குடித்துவிட்டாள். அவனுடைய போன்களுக்குத்தான் அதிக நாள் எடுத்துக்கொண்டாள். அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் எதிர் மேசைக்குப் போய் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். திரை அருமையாகத்தான் இருந்தது. விரலால் தள்ளினால் எண்ணெயில் வழுக்கிப் போவது மாதிரி போனது. கேமரா இருட்டையும் பகலாக்கியது. ஆனால் அந்த உடம்பை மெலிய வைப்பதற்காக பேட்டரியைச் சுருக்கியிருந்தார்கள். அழகான திரையே அந்தச் சின்ன பேட்டரியைக் குடித்துத் தீர்த்தது. பச்சைக் கம்பெனி போனில் எல்லாம் தலைகீழ். கனம், மங்கல் கேமரா, சுமார் திரை. ஆனால் வயிறு பெரிது. இங்கே ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விட்டுவிட வேண்டும். எதை விடுகிறோம் என்பதைத்தான் எந்த மேசையும் சொல்வதில்லை.

அவள் சொன்னாள். தன்னுடையதை அல்ல, அவனுடையதை.

கடை திறந்ததும் அவனுடைய போன் ஒன்றையும் தன்னுடையது ஒன்றையும் முழு சார்ஜில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவாள். இரண்டிலும் ஒரே வீடியோ, ஒரே வெளிச்சம், நிறுத்தாமல் ஓடும். மத்தியானச் சாப்பாடு முடிந்து கூட்டம் வருகிற நேரத்துக்குச் சரியாக நீல போன் ஒரு முறை துடித்து அணையும். பச்சை போன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அவள் அவசரப்பட மாட்டாள். திரை துடைக்கிற துணியை எடுத்து, அணைந்த போனின் முகத்தை மெதுவாக மூடுவாள். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள்.

"அக்கா, எங்க போன் அரை மணி நேரத்துல ஃபுல் சார்ஜ் ஆயிடும். அதையும் சொல்லுங்க" என்பான் கேமரா எதிரிலிருந்து.

"செத்தவனை எழுப்பணும்னா ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கணுமே தம்பி. எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இருக்கா?"

அதில் இருந்த விஷம் அவனுக்கு உறைக்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து அவனும் சிரித்தான். "உங்ககிட்டதான்க்கா பேசக் கத்துக்கணும்" என்றான்.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். போட்டி பார்க்கக் கூட்டம் கூடினால் கடைக்குத்தானே லாபம். சில நாட்களில் கல்லூரிப் பையன்கள் மத்தியான வகுப்பு முடிந்ததும் "இன்னிக்கு எத்தனை மணிக்குப் போச்சு?" என்று துக்கம் விசாரிப்பது மாதிரி வந்து கேட்டுப் போனார்கள். பச்சை மேசையில் வியாபாரம் ஏறியது. நீல மேசையில் அவன் எடுக்கிற படங்களைப் பார்த்து ரசித்துவிட்டு, ஜனம் இந்தப் பக்கம் வந்து வாங்கியது.

அவன் அதற்குக்கூட முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அவள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பதைப் பார்த்துவிட்டு, கிடங்கிலிருந்து ஒரு ஸ்டூல் கொண்டுவந்து அவள் மேசைக்குப் பின்னால் போட்டான். அவள் அதில் உட்காரவே இல்லை. வாடிக்கையாளர்கள் பை வைத்துக்கொள்ளட்டும் என்று முன்பக்கம் தள்ளிவிட்டாள்.

வீட்டில் கணவர் இப்போது போனிலேயே லோடு பிடித்துக் கொடுக்கிற வேலை செய்துவந்தார். எந்த லாரி எங்கே காலியாக நிற்கிறது, யாருக்கு என்ன சரக்கு ஏற்ற வேண்டும் என்று காலையிலிருந்து பேசிக்கொண்டே இருப்பார். செயற்கைக் காலைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருப்பார். "செருப்பு செலவு பாதியாயிடுச்சு" என்று வருகிறவர்களிடம் சொல்வார். அவள் சாயங்காலம் வந்ததும் அன்றைக்குக் கேமராவிடமிருந்து பிடுங்கிய வாடிக்கையாளர்களின் கதையைச் சொல்லிக்கொண்டே சமைப்பாள். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நல்லது என்றும் சொன்னதில்லை, கெட்டது என்றும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும் கேட்டார்.

"ஏம்மா, கால் என்னோடது. பழி மட்டும் எப்படி உன்னோடது ஆச்சு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க எடுத்துக்கலையே. அதான் நான் எடுத்துக்கிட்டேன்."

"நான் அந்தப் பையனை நெனைக்கிறதே இல்ல."

"தெரியும். அதுக்கும் சேர்த்துத்தான் நான் நெனைக்கிறேன்."

அவருடைய போன் அடித்தது, எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அந்த வாரத்தில்தான் ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். கூடவே அந்தப் பெண்ணின் தாய்மாமன். அம்மாவுக்கும் மகளுக்கும் காதும் கேட்காது, பேச்சும் வராது. இரண்டு பேரும் கைகளால் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். விரல்கள் பறந்தன. மகளுக்கு வேறு ஊரில் ஒரு துணி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது, அம்மா இங்கே தனியாக இருக்கப்போகிறாள் என்று மாமன் சொன்னார். போனில் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். அவர்களிடம் இருந்தது பட்டன் போன். ஒரே மாதிரி இரண்டு போன் வேண்டும்.

அவர்கள் முதலில் போனது நீல மேசைக்கு. கேமரா வழக்கம்போலப் படம் எடுக்கவில்லை. முன்பக்கக் கேமராவைத் திறந்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து, கிடங்குக்குப் போகிற இருட்டு நடையில் போய் நிற்கச் சொன்னான். இன்னொரு போனில் அம்மாவைப் பார்க்கச் சொன்னான். அம்மா பார்த்தாள். முகம் மலர்ந்தது. இந்தப் பக்கமிருந்து ஏதோ பேசினாள். அந்தப் பக்கமிருந்து மகள் பதில் பேசினாள்.

பேட்டரி அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றல்ல, இரண்டு போன். அவன் கைக்குப் போகிறது.

அவள் குறுக்கே போனாள். "ஐயா, ஒரு நிமிஷம். இவங்க எவ்வளவு நேரம் பேசிக்குவாங்க?"

"அது ஓயாதும்மா" என்று மாமன் சிரித்தார். "சாப்பாட்டை மறந்துட்டுப் பேசுவாங்க."

"வீடியோ கால்தான் சார்ஜைத் தின்னுற முதல் ராட்சசன். பொண்ணு வெளியூர்ல. ஏதாவது அவசரம்னு கூப்பிடுறப்போ போன் செத்துக் கிடந்தா? இவங்களால சத்தம் போட்டு யாரையாவது கூப்பிட முடியுமா?"

கடைசிக் கேள்வியை அவள் நிறுத்திக் கேட்டாள். மாமன் முகம் மாறியது. தன் அக்காவான அந்த அம்மாவிடம் கையால் சொன்னார். அம்மா பயந்துபோய் மகளைப் பார்த்தாள். பத்து நிமிடத்தில் இரண்டு செங்கல்கள் பையில் ஏறின.

அவர்கள் கதவைத் தாண்டியதும் கேமரா முதல் முறையாகச் சிரிக்காமல் பேசினான்.

"அக்கா, அவங்க பேசறதே விரலால. உங்க போன்ல வெளிச்சம் குறைஞ்சா விரலே தெரியாது. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"சார்ஜ் இருந்தாதானே தம்பி விரல் தெரியும்" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவன் கொஞ்சம் தடுமாறினான். வியாபாரம் குறைந்துகொண்டே போக, நீலக் கம்பெனியின் மேலதிகாரி அவனைப் போனில் வறுத்தெடுப்பது இந்தப் பக்கம்வரை கேட்டது. ஒருநாள் அவள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது, போட்டியில் ஓடிக்கொண்டிருந்த நீல போனின் திரை கொஞ்சம் மங்கியிருப்பதைப் பார்த்தாள். வெளிச்சத்தைக் குறைத்திருந்தான். குறைத்தால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும். இவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். மறுநாளும் குறைத்தான். மறுநாளும் விட்டுவிட்டாள். இரை நன்றாக உள்ளே வரட்டும் என்று காத்திருந்தாள்.

மேலதிகாரி நேரில் வந்த அன்றைக்கு அவள் சாப்பிடப் போவதுபோல் போனாள், மாடிப்படிக்குப் பின்னால் நின்றாள், கேமராவின் கை நீல போனை நோக்கி நீண்டு திரும்புவதைப் பார்த்தாள். பிறகு வந்தாள். கூட்டம் இருந்தது. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு திருப்தியாக நின்றார்.

"பரவால்லயே, எங்க போன் இன்னும் ஓடுதே" என்றார்.

"ஓடும் சார். கண்ணை மூடிக்கிட்டு ஓடுறவனுக்குக் களைப்பு தெரியாது" என்று சொல்லி, திரையை மேலிருந்து இழுத்து, வெளிச்சம் எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் காட்டினாள். பக்கத்தில் தன் போனில் எங்கே நிற்கிறது என்பதையும் காட்டினாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

யாரோ ஒரு பையன் விசில் அடித்தான். கேமராவின் காது மடல்கள் சிவந்தன. அதிகாரி அவனைக் கூட்டத்துக்கு நடுவிலேயே வைத்துக் கேட்டார். "ஏன்டா, கம்பெனி மானத்தைக் கப்பலேத்தவா உனக்குச் சம்பளம் குடுக்குறோம்?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, நீலச் சட்டையின் கடைசிப் பித்தானைத் திருகிக்கொண்டே நின்றான். அந்த வார முடிவில் நீல மேசையில் வேறு ஆள் இருந்தான்.

அவள் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் நின்று டீ குடித்தாள். எத்தனையோ மாதம் கழித்துக் குடிக்கிற டீ. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அன்று இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள். அந்த மாதம் முழுக்கவே நன்றாகத் தூங்கினாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அம்மாவும் மகளும் மாமனும் மறுபடி வந்தார்கள். இரண்டு போன்களையும் துணியில் சுற்றி, பெட்டியோடு கொண்டுவந்திருந்தார்கள். மகள் அவளைப் பார்த்ததும் சிரித்தாள். திரையில் சார்ஜ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டி, கட்டைவிரலை உயர்த்தினாள். நீங்கள் சொன்னது சரிதான், பேட்டரி அருமை என்று பாராட்டு.

"சார்ஜெல்லாம் நல்லா நிக்குதும்மா" என்றார் மாமன் தயங்கித் தயங்கி. "ஆனா இவ வேலை முடிஞ்சு ரூமுக்கு வர்றப்போ பொழுது சாஞ்சுடும். எங்கக்கா வீட்டுலயும் ஒத்த பல்பு. விரலெல்லாம் ஒண்ணா சேர்ந்து புகை மாதிரி தெரியுது. போன வாரம் இவ ரூம் மாத்துறேன்னு ஏதோ சொல்லியிருக்கா. எங்கக்கா அதை அடிபட்டுக் கிடக்கிறேன்னு புரிஞ்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டாங்க. வழி தெரியாம எங்கேயோ இறங்கி, ஒரு நாள் பூரா ஆளைக் காணோம். போலீஸ்காரங்கதான் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்து விட்டாங்க."

அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிற பார்வை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அது அவளுக்குப் பழக்கப்பட்ட பாஷை.

அவள் நேராக மேனேஜரிடம் போனாள். பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவர் கையை விரித்தார். "தப்பான போனைத் தெரிஞ்சே தலையில கட்டுனது நான் சார். என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேட்டரி அக்கா வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் சரி என்றார். "மாத்தி எதைக் குடுக்கப் போற?"

அதுதான் தெரியவில்லை. புதிதாக வந்த நீலச் சட்டைக்காரன் தன் மேசையிலேயே விலை கூடிய போனைக் காட்டினான். அது மத்தியானத்திலேயே அணைந்துவிடும் என்று தினமும் ஊருக்கே காட்டியவள் அவள். தன் மேசையில் இருப்பது எல்லாம் செங்கல். மற்ற மேசைக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். விரலால் பேசுகிறவர்களுக்கு எது சரி என்று அந்தத் தளத்தில் யோசித்துப் பார்த்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனை விரட்டியது அவள். நாளைக்கு வரச் சொல்லி அவர்களை அனுப்பினாள்.

கடையில் விசாரித்துக்கொண்டு அவனைத் தேடிப் போனாள். பேருந்து நிலையத்தில் மேம்பாலப் படிக்குக் கீழே ஒரு தட்டுக்கடையில் அவன் போன் உறை விற்றுக்கொண்டிருந்தான். ஒருவருடைய போனில் கண்ணாடி ஒட்டி, குமிழி இல்லாமல் அட்டையால் நீவிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"வாங்கக்கா" என்றான். அதே சிரிப்பு, கொஞ்சம் மெலிந்திருந்தது.

அவள் நலம் விசாரிக்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள். அவன் அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அந்த அம்மா வீட்டில் விளக்கு எந்தப் பக்கம்? பொண்ணுக்கு ரூமில் சார்ஜ் போட வசதி உண்டா? நின்றுகொண்டு பேசுவார்களா, எங்காவது சாய்த்து வைத்துப் பேசுவார்களா? இரண்டு கையும் தேவையாச்சே.

"எங்க மேசையும் வேணாம், உங்க மேசையும் வேணாம்" என்றான் பிறகு. "மாடிப்படி ஓரத்துல மஞ்சச் சட்டை மேசை இருக்குல்ல, அதுல நடு மாடல். பேரு கிடையாது, யாரும் சீண்ட மாட்டாங்க. பேட்டரி உங்களோடது அளவுக்கு வராது, கேமரா எங்களோடது அளவுக்கு வராது. ஆனா முன் கேமரா இருட்டுல பரவால்ல, சாயங்காலம் வரைக்கும் உசுரும் இருக்கும். அதுகூட ஒரு ஸ்டாண்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

அவள் தலையசைத்தாள். திரும்பப் போனவளை அவன் குரல் நிறுத்தியது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? வியாபாரத்துல போட்டி இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா உங்களுக்கு என்மேல அதையும் தாண்டி ஏதோ இருந்துச்சு. நான் என்னக்கா பண்ணேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். சொன்னாள். லாரியை, மழையை, கருப்புத் திரையை, பால்வண்டியை. "ரெண்டு நாள் நிக்கும்" என்று அவன் சொன்ன அதே தொனியில் சொல்லிக் காட்டினாள். அவன் புருவத்தைச் சுருக்கிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஞாபகத்தைத் துழாவுவது தெரிந்தது. கிடைக்கவில்லை என்பதும் தெரிந்தது.

"எந்த மாடல்க்கா?"

அவள் மாடலைச் சொன்னாள்.

அவன் கண்ணில் வெளிச்சம் வந்தது. "ஓ, அதுவா. அந்த ஸ்கிரீன் வந்து..." என்று ஆரம்பித்தவன், தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்து நிறுத்திக்கொண்டான்.

ஆளை மறந்துவிட்டான். போனை மறக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் போனது.

"எல்லாருக்கும் ரெண்டு நாள்னுதான்க்கா சொல்லுவேன். அப்படித்தான் சொல்லச் சொல்லிக் குடுத்தாங்க."

"எனக்கும்தான் சொல்லிக் குடுத்தாங்க. நானும் சொன்னேன். அந்த அம்மா ஒரு நாள் பூரா காணாமப் போனாங்க" என்றாள். "அதனால நீ செஞ்சது சரின்னு ஆயிடாது."

"ஆகாது" என்றான். ஒட்டிய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனை ஒரு தடவை வந்து பாக்கட்டுமாக்கா? கால்ல விழணும்னாலும் விழறேன்" என்று கேட்டான்.

"வேணாம்."

"ஏன்க்கா?"

"அவர் உன்னை மன்னிச்சிடுவார்."

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். மறுநாள் மஞ்சள் மேசையில் அந்த நடு மாடல் இரண்டு இருந்தது. வாங்கிக் கொடுத்தாள், ஸ்டாண்டும் சேர்த்து. மகள் கிடங்கு நடையின் இருட்டில் போய் நின்று கையால் ஏதோ சொல்ல, இங்கே அம்மா திரையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். எந்த போனை யார் சொல்லி வாங்கினாள் என்று பேட்டரி அக்கா வீட்டில் சொல்லவில்லை. கணவர் அவனைக் கூட்டிவரச் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.